மேசைக் கணினியில் குரல் பதிவின் நடுவே ‘சட்’ என்று வெட்டும் ஒலி: எங்கிருந்து வருகிறது?

திருச்சி வாசிப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். பார்வையற்ற பள்ளி மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து, ஒலிக்கோப்புகளாகப் பதிவுசெய்து அனுப்பும் பணியை நான்கு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கடந்த இரண்டு மாதங்களாக என் மேசைக் கணினியில் ஒலி சீராக வருவதில்லை. பாட்டு கேட்டாலும், காணொளி பார்த்தாலும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒலி திடீரென்று ‘சட்’ என்று வெட்டிவிட்டுத் தொடர்கிறது; சில வேளைகளில் ஒரே அசை இரண்டு மூன்று முறை திக்கிய பிறகு நகர்கிறது. தொடக்கத்தில் ஸ்பீக்கர் பழையதாகிவிட்டது என்று எண்ணி அதிகம் கவலைப்படவில்லை.

ஆனால் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தைப் பதிவுசெய்து அனுப்பிய பிறகு ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்து, “அக்கா, இந்த இடத்தில் ஈத்தேன் என்று வாசித்தீர்களா, ஈத்தீன் என்று வாசித்தீர்களா?” என்று கேட்டாள். கோப்பைப் போட்டுக் கேட்டபோது, அந்தச் சொல்லின் நடு உயிர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ‘சட்’ மட்டுமே இருந்தது. ஒன்று ஒற்றைப் பிணைப்பு, மற்றொன்று இரட்டைப் பிணைப்பு. புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ள வழியில்லாத குழந்தைக்கு இத்தகைய பிழையை அனுப்பியிருக்கிறேன் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கணினியின் விவரம்: நான்கு கோர் செயலி, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. ஸ்பீக்கர் கேபினட்டின் பின்புறம் பச்சைத் துளையில் இணைந்திருக்கிறது. மைக் யூஎஸ்பி வகை. பழுதுபார்க்கும் கடையில் மதர்போர்டிலுள்ள ஒலிப்பகுதி கெட்டுவிட்டது என்று சொன்னதால், யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். சிறிதும் மாற்றமில்லை. டாஸ்க் மேனேஜரில் செயலியின் பயன்பாடு 10 விழுக்காட்டைத் தாண்டுவதே இல்லை. அடுத்து எதைப் பார்க்கவேண்டும் என்று அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழுதுநீக்குநர்

சகோதரி, வணக்கம். இனி எந்தப் பொருளையும் வாங்காதீர்கள். முதலில் அந்த ஒலி எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைக் காதாலேயே பிரித்தறிய வேண்டும். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவற்றில் மக்கள் பணத்தை இழந்தது இந்தப் படியைத் தாண்டிச் சென்றதால்தான்.

ஒரு வகை, மின்சாரம் வழியாக நுழையும் இரைச்சல். பாட்டு ஓடாதபோதும் ‘ம்ம்’ என்று உறுமும், மவுசை நகர்த்தினால் ‘கிர்’ என்று கூடவே இழையும், ஒலியளவுக் குமிழைத் திருகும்போது கரகரக்கும். இதற்கான காரணம் வயர், பின், எர்த், குமிழுக்குள் படிந்த தூசு ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். இன்னொரு வகை, ஒலியின் ஒரு துண்டு உரிய நேரத்தில் வந்து சேராததால் ஏற்படும் வெட்டு. அமைதியாக இருக்கும்போது இது கேட்கவே கேட்காது. ஒலி ஓடும்போது மட்டும் ‘சட்’ என்று கேட்கும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகையைப் போலவே இருக்கிறது, ஆயினும் உறுதிப்படுத்திக்கொள்வோம்.

முதலாவதாக, ஸ்பீக்கரின் பின்னைக் கணினியிலிருந்து உருவி உங்கள் கைப்பேசியில் செருகி அரைமணி நேரம் பாட்டு கேளுங்கள். பிறகு, கெட்டுப்போன பதிவைக் கைப்பேசிக்கு மாற்றி, அதே நொடியில் அதே ‘சட்’ வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக, ‘ஆ’ என்று மூச்சு இருக்கும்வரை இழுத்து, அதையே பலமுறை பதிவுசெய்யுங்கள். ச, ஸ போன்ற உரசொலிகளில் சிறு வெட்டு மறைந்துபோகும். நெடிலை இழுக்கும்போது ஒளிந்துகொள்ள இடமில்லை. வெட்டு எவ்வளவு இடைவெளியில் வருகிறது என்பதைக் கடிகாரத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

மின்வினைஞர்

மேலே சொன்ன பிரிவினையை ஏற்கிறேன். இருப்பினும் முதல் வகையை அவ்வளவு விரைவாகக் கடந்து செல்லவேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் இதே தலைப்பைத் தேடி வருபவர்களில் பலருக்கு அதுவே காரணமாக இருக்கும்.

கேபினட்டின் முன்பக்கத்துத் துளையிலிருந்து மதர்போர்டு வரை செல்லும் மெல்லிய வயர், பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டே போகிறது. அதில் கவசம் சரியாக இல்லையென்றால், திரையில் பக்கத்தை உருட்டும்போதெல்லாம் அந்த கார்டின் மின்னோட்ட ஏற்ற இறக்கம் காதில் கேட்கும். பின்புறத் துளைக்கு மாற்றினாலே பாதிப்பேருக்குச் சரியாகிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், கணினியும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு சுவர்ப் பிளக்குகளில் இருந்து எர்த் வளையம் (இரண்டின் எர்த் கம்பிகளும் ஒலி வயரும் சேர்ந்த சுற்று) உண்டானால், 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் தொடர்ச்சியான உறுமல் எழும். இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகிப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். உறுமலைப் போக்குவதற்காக மூன்று கம்பிப் பிளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிடும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. உயிருக்கே ஆபத்தான செயல் அது. கேபினட்டின் உலோகப் பகுதியைப் புறங்கையால் தடவும்போது மெல்லிய அதிர்வு தெரிந்தால், உங்கள் வீட்டில் எர்த் சரியாக இல்லை என்று பொருள். ஒலியைப் பற்றிய கவலையை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் வயரிங் செய்பவரை அழையுங்கள்.

திருச்சி வாசிப்பாளர்

இருவருக்கும் நன்றி. நேற்று இரவும் இன்று காலையும் சொன்னபடியே செய்து பார்த்தேன்.

கைப்பேசியில் இணைத்தபோது ஸ்பீக்கர் அரைமணி நேரமும் சுத்தமாகப் பாடியது. கெட்ட பதிவைக் கைப்பேசியில் கேட்டபோது, அதே சொல்லில் அதே ‘சட்’ இருந்தது. கேபினட்டைத் தொட்டால் அதிர்வு ஏதுமில்லை, அமைதியாக இருக்கும்போது உறுமலும் இல்லை. ‘ஆ’ என்று இழுத்துப் பதிவுசெய்து, ஒலித்தொகுப்பு நிரலான ஆடாசிட்டியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, அலை அலையாக ஒரே வடிவில் போய்க்கொண்டிருக்கும் கோடு, ஓரிடத்தில் கத்தரிக்கோலால் வெட்டி இரண்டு நுனிகளையும் தவறாக ஒட்டியதைப் போல, மேலிருந்து கீழே செங்குத்தாக விழுந்து பிறகு தொடர்கிறது. அதைக் கண்ணால் பார்த்தபோதுதான் இது ஸ்பீக்கரின் குற்றமல்ல என்று எனக்கு முழுமையாக விளங்கியது.

இடைவெளியைக் குறித்தேன். துல்லியமாகச் சொல்ல இயலவில்லை. ஆனால் ஏறக்குறைய நிமிடத்திற்கு ஒருமுறை வருகிறது, நடுவில் சில நிமிடங்கள் வராமலும் இருக்கிறது.

ஒலிக்கூடம்

இந்தக் கத்தரிக்கோல் வெட்டை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் காரணம் புரிந்தால் நீங்களே மிச்சத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கணினியில் ஒலி என்பது வாய்க்காலில் ஓடும் நீரைப் போன்றதன்று, வாளி வாளியாகக் கைமாற்றி ஊற்றப்படுவது. நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை ஒரு கணத்தில் அளந்த ஒற்றை எண்) என்ற கணக்கில் பதிவுசெய்தால், விண்டோஸ் வழக்கமாக 10 மில்லி விநாடிக்கு ஒரு வாளி, அதாவது 480 சாம்பிள்களை, கைமாற்றுகிறது. அடுத்த வாளி வருவதற்குள் முந்தையது தீர்ந்துவிட்டால் ஒலிக்கருவி என்ன செய்யும்? வெறுமையை ஒலிக்கும், அல்லது பழைய துண்டையே மறுபடி ஒலிக்கும். முன்னது உங்களுக்குக் கேட்கும் ‘சட்’, பின்னது அசை திக்குவது. பதிவுசெய்யும்போதும் இதே கதைதான்: மைக்கிலிருந்து வரும் வாளியை நேரத்தில் எடுத்துச்செல்ல ஆளில்லையென்றால் அது கொட்டிப்போகிறது.

சரி, எடுத்துச்செல்பவரை யார் தடுக்கிறார்கள்? கணினியிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும், வைஃபை, கிராபிக்ஸ், யூஎஸ்பி, எஸ்எஸ்டி என எல்லாவற்றுக்கும், அதை இயக்கும் நிரலான டிரைவர் தனித்தனியாக உண்டு. ஒரு கருவி அவசரமாகச் செயலியை அழைக்கும்போது, அதன் வேலையை டிபிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு வரிசையில் வைத்து, செயலியின் ஒரு கோரில் (தனித்து இயங்கும் உட்பகுதியில்) ஓடும் மற்ற நிரல்களை நிறுத்திவிட்டு அதை முதலில் முடித்துக் கொடுக்கிறது விண்டோஸ். ஒவ்வொரு டிரைவரும் அங்கே 100 மைக்ரோ விநாடிக்கு மேல் உட்காரக்கூடாது என்பது மைக்ரோசாஃப்ட் டிரைவர் எழுதுபவர்களுக்குச் சொல்லியிருக்கும் நெறி. ஒழுங்காக எழுதப்படாத ஏதோ ஒரு டிரைவர் அங்கேயே 20 மில்லி விநாடி உட்கார்ந்துவிட்டால், அந்தக் கோரை நம்பியிருக்கும் ஒலிக்கு இரண்டு வாளி போய்விடும்.

டாஸ்க் மேனேஜரில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. நான்கு கோர்களுக்கு ஒரு நொடியில் மொத்தம் 4,000 மில்லி விநாடி உழைப்பு உண்டு. அதில் 20 என்பது அரை விழுக்காடு. வரைபடத்தில் அது ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது, காதுக்கோ ஒரு சொல்லே போய்விடுகிறது. புதிய சவுண்ட் கார்டு பயன்படாததும் இதனால்தான்: தாமதம் அதற்கு வெகு முன்பாகவே நிகழ்ந்துவிடுகிறது.

லேட்டன்சிமான் என்ற நிரல் வீட்டுப் பயன்பாட்டிற்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதை இயக்கிவிட்டு, வழக்கம்போல் மைக்கில் வாசித்துப் பதிவுசெய்யுங்கள். குறைந்தது 15 நிமிடமாவது ஓடட்டும். உங்கள் கோளாறு நிமிடத்திற்கு ஒன்று என்பதால் ஓரிரு நிமிடச் சோதனையை நம்பக்கூடாது. பிறகு டிரைவர்கள் பட்டியலுக்குச் சென்று, மிக நீண்ட நேரம் எடுத்துக்கொண்டது எது என்ற நெடுவரிசையைச் சொடுக்கி, பெரியது மேலே வரும்படி அடுக்குங்கள். எத்தனை முறை ஓடியது என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவேண்டாம். ஆயிரம் முறை வந்து உடனே போவது குற்றமில்லை, ஒருமுறை வந்து எழ மறுப்பதே குற்றம்.

இடைவெளியைப் பற்றி இன்னும் ஒன்று. மூன்று நான்கு நிமிடத்திற்கு ஒருமுறை, கடிகாரம் அடித்ததைப் போல ஒழுங்காக ‘சட்’ வந்தால் காரணம் வேறு. யூஎஸ்பி மைக்கிலும் சவுண்ட் கார்டிலும் தனித்தனிப் படிகக் கடிகாரங்கள் உள்ளன; இரண்டும் 48,000 என்று சொல்லிக்கொண்டாலும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால், நொடிக்கு 2.4 சாம்பிள் விலகும், 200 நொடியில் ஒரு முழு வாளி மிஞ்சும் அல்லது குறையும். மைக்கில் பேசுவதை மற்றொரு கருவியின் வழியே உடனுக்குடன் கேட்டபடி வாசிப்பவர்களுக்கு இது நேர்வதுண்டு. உங்களுடையது ஒழுங்கற்று வருவதால் நான் டிரைவர் பக்கமே சாய்கிறேன்.

திருச்சி வாசிப்பாளர்

ஐயா, நீங்கள் சொன்ன வாளிக் கணக்கு எனக்கு மிகத் தெளிவாகப் புரிந்தது. 18 நிமிடம் ஓடவிட்டேன். பட்டியலின் உச்சியில் என்டிஐஎஸ்.சிஸ் என்ற கோப்பு 23 மில்லி விநாடியுடன் நின்றது. அதற்கு அடுத்தது அரை மில்லி விநாடியைக்கூடத் தொடவில்லை. இந்தப் பெயர் எதைக் குறிக்கிறது? இந்தக் கோப்பை நீக்கிவிடலாமா?

ஒலிக்கூடம்

நீக்கிவிடாதீர்கள்! அது விண்டோஸின் பிணைய அடுக்கு. இணையம் முழுவதற்கும் பொதுவான வாசல். லேட்டன்சிமான் வாசலின் பெயரைத்தான் காட்டுகிறது, வாசலில் வழிமறித்து நிற்பவர் உங்கள் வைஃபை கார்டின் டிரைவராக இருக்கக்கூடும். பணிப்பட்டையில் வைஃபையை மட்டும் நிறுத்தினால் போதாது. டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டை முழுமையாக முடக்கிவிட்டு அதே 18 நிமிடச் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யவேண்டும் என்பதை மறக்கவேண்டாம். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று ஒருபோதும் தெரியாது.

உபுண்டு பயனர்

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. விண்டோஸைக் கலைக்காமலேயே சோதிக்க இன்னொரு வழி இருக்கிறது. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, வன்வட்டில் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கி ஒரு மணி நேரம் பதிவுசெய்து பாருங்கள். அங்கே வெட்டே இல்லையென்றால் கருவிகள் நலமாக உள்ளன, கோளாறு விண்டோஸ் பக்கத்து டிரைவரில் என்று பெரும்பாலும் முடிவுகட்டிவிடலாம்.

லினக்ஸிலும் இதே நோய் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். 22.10 பதிப்பிலிருந்து உபுண்டுவில் பைப்வயர் என்ற நிரல் ஒலியைக் கவனித்துக்கொள்கிறது. முனையத்தில் பிடபிள்யூ-டாப் என்ற கட்டளையைக் கொடுத்தால், தவறிய வாளிகளின் எண்ணிக்கை ஈஆர்ஆர் என்ற நெடுவரிசையில் ஏறுவதைக் கண்ணாரக் காணலாம். அது ஏறினால் வாளியின் அளவைக் கூட்டவேண்டும். பாட்டு தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் ‘டப்’ என்று கேட்டால், அது மின்சேமிப்பிற்காக ஒலிச்சில்லு உறங்கி விழிக்கும் ஓசை. ஒலி டிரைவரின் பவர்சேவ் மதிப்பை 0 ஆக்கினால் நின்றுவிடும்.

ஏஎம்டி ரைசன் கணினி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு குறிப்பு. நாளில் சில முறை மட்டும் கணினி முழுவதுமே ஓரிரு நொடி உறைந்து ஒலியும் இழுபடுகிறது என்றால், அது மேலே பேசிய கோளாறன்று. செயலிக்குள்ளேயே இயங்கும் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி மதர்போர்டிலுள்ள ஃபிளாஷ் நினைவகத்தை அணுகும்போது இப்படி நேர்கிறது என்று அந்நிறுவனமே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டு, மதர்போர்டின் தொடக்க நிரலான பயாஸின் புதுப்பிப்பைத் தீர்வாக அறிவித்தது. பயாஸைப் புதுப்பிப்பதற்கு முன், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் அதை இடைநிறுத்திவைப்பது அவசியம்.

திருச்சி வாசிப்பாளர்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்ய நேரமாயிற்று.

வைஃபை கார்டை முடக்கியபோது ஒரு மணி நேரப் பதிவில் ஒரு வெட்டும் இல்லை. திரும்ப இயக்கினேன், மூன்றாவது நிமிடத்திலேயே வந்துவிட்டது. மறுபடி முடக்கினேன், நின்றது. அதன் பிறகு மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்தக் கார்டுக்கான புதிய டிரைவரை நிறுவியபோது 23 மில்லி விநாடி 6 ஆகக் குறைந்தது. வெட்டும் அரிதாயிற்று, ஆனால் அறவே நிற்கவில்லை. மின்சேமிப்பு அமைப்பில் உயர் செயல்திறன் திட்டத்தையும் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். அதனால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. முடிவில் வைஃபையை நிரந்தரமாக முடக்கிவிட்டு, கூடத்திலுள்ள ரூட்டரிலிருந்து கதவு நிலையோரமாக 10 மீட்டர் லேன் கேபிளை இழுத்துவிட்டேன். இப்போது உச்சத்தில் நிற்கும் எண் 0.2 மில்லி விநாடி. பாட்டும் காணொளியும்கூடத் தெளிவாக ஓடுகின்றன.

ஒரு கவலை மட்டும் எஞ்சியிருக்கிறது. இந்த இரண்டு மாதங்களில் நான் அனுப்பியவை ஏறத்தாழ 30 மணி நேரப் பதிவுகள். அவற்றில் எங்கெங்கே வெட்டு இருக்கிறது என்று முழுவதையும் காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டுமா? ஆடாசிட்டியில் உள்ள கிளிக் நீக்கும் வசதி இதைச் சரிசெய்துவிடுமா?

பழுதுநீக்குநர்

அந்த வசதி பழைய இசைத்தட்டுகளின் சடசடப்பைப் போக்குவதற்காக அமைந்தது. வெட்டின் கூர்மையை அது மழுக்கிவிடும். ‘சட்’ கேட்காது, ஆனால் தொலைந்த ஒலி திரும்பி வராது. உங்கள் பணிக்கு அது தீங்கு என்றே சொல்வேன், ஏனெனில் மாணவிக்கு அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்ற எச்சரிக்கையும் இல்லாமல் போய்விடும். வாக்கியத்தை மறுபடி வாசித்து ஒட்டுவதே நேர்மையான வழி.

தேடுவதற்கு எளிய முறை உண்டு. ஆடாசிட்டியில் தடத்தின் பெயரைச் சொடுக்கினால் வரும் பட்டியலில், அலைவடிவத்திற்குப் பதிலாக ஸ்பெக்ட்ரோகிராமை (ஒலியின் அதிர்வெண்களைக் கீழிருந்து மேலாகக் காட்டும் படத்தை) தேர்ந்தெடுங்கள். பேச்சு மேகக் கூட்டங்களைப் போல் பரவித் தெரியும். வெட்டோ அடியிலிருந்து உச்சிவரை ஊசியால் கீறியதைப் போல ஒற்றை நேர்கோடாகத் தெரியும். ஒரு திரைக்கு 20 நொடி என்ற அளவில் நகர்த்திக்கொண்டே போனால், ஒரு மணி நேரப் பதிவைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கண்ணால் அலசிவிடலாம். ட, ப போன்ற வல்லின வெடிப்புகளும் சிறு கோடாகத் தோன்றும். ஆனால் அவற்றின் முன் ஒரு கணம் அமைதி இருக்கும், வெட்டோ நெடிலின் நடுவே பாய்ந்து நிற்கும். இரண்டு கோப்பு பார்ப்பதற்குள் கண் பழகிவிடும்.

திருச்சி வாசிப்பாளர்

மிக்க நன்றி, ஐயா. அறிவியல் கோப்பைத் திறந்து பார்த்தேன். ‘ஈத்’ என்பதற்கு அடுத்து அந்தக் கோடு செங்குத்தாக நிற்கிறது. அந்தப் பாடத்தில் மட்டும் 41 கோடுகள். அவை விழுந்த வாக்கியங்களையெல்லாம் இன்று மாலை மறுபடி வாசித்துப் பதிவுசெய்துவிட்டேன். அந்த மாணவிக்குத் தேர்வு அருகில் இருப்பதால் இந்தப் பாடத்தை முதலில் அனுப்பிவிட்டு, மற்றவற்றை வரிசையாகத் திருத்தப்போகிறேன்.